இரவல் கொடுத்த பேர்

சான் பெத்ரோ ஊரில் லிச்சி துவெர்ஜேயைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. எத்தனை பந்து அடித்தான், எத்தனை பந்து பிடித்தான், கடல் தாண்டி வடக்கே, பேஸ்பால் பெரிய லீகில் எத்தனை வருஷம் நின்றான் என்று படித்தவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். போடட்டும். பட்டியல் போட எவனாலும் முடியும். லிச்சி செத்த பிறகு நடந்த ஒன்பது நாள் ஜெபத்திலும், கடைசி வரிசையில், இஞ்சித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாரே அவருடைய கூடப்பிறந்தவர், அவர் கதையை எழுத உடம்பில் கரும்புச் சோகை கீறின தழும்பு வேண்டும்.

ஊருக்கு அவர் எவரிஸ்தோ. நாற்பது வருஷமாக அடையாள அட்டையில், சர்க்கரை ஆலைப் பதிவேட்டில், கல்யாணப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் எவரிஸ்தோ துவெர்ஜே. லிச்சிக்கு நாலு வயது மூத்த அண்ணன் என்று பேச்சு. இரண்டும் பொய். அவர்தான் லிசீனியோ. அவர்தான் இளையவர். பெட்டியில் கிடந்தவர்தான் எவரிஸ்தோ, அவர்தான் மூத்தவர். குழம்ப வேண்டாம். பந்தாடிப் பேர் வாங்கி இறந்தவரை அண்ணன் என்றும், உயிரோடு இருந்தவரை இளையவர் என்றும் கடைசி வரைக்கும் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இது தொடங்கியது எழுபத்தெட்டாம் வருஷம். அறுவடை முடிந்து ஆலைப் புகை நின்று, ஊரே கையைப் பிசைந்துகொண்டு உட்காரும் மாதம். ஆலைக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்குத் தத்தீக்கோ வந்தான். விடலைப் பையன்களைப் பிடித்துப் பந்தாட்டம் பழக்கி, வடக்கத்திக் குழுக்களிடம் சேர்த்துவிடுவது அவன் தொழில். பையன்களின் தாய் எனேரியா அடுப்பில் பச்சை வாழைக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"எனேரியா, உம் மூத்தவன் கையில தங்கம் இருக்கு. ஆனா வயசு இருபத்தொண்ணு. வடக்க இருந்து வர்றவன் இருபத்தொண்ணுன்னு கேட்டான்னா, கெட்ட மீனைப் பார்த்த மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்குவான்."

"அதுக்கு நான் என்ன பண்ண? திரும்ப வயித்துக்குள்ள போட்டுப் பெத்துத் தரவா?"

"எதுக்கு? பதினேழு வயசுல ஒண்ணு பெத்து வச்சிருக்கியே. அவன் காகிதத்தைக் குடு, போதும்."

இளையவன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"டேய் லிச்சி, கொஞ்ச நாளைக்குத்தான். குடுக்கிறியா?"

"எதை?"

"உம் பேரை."

இளையவன் வாயில் வாழைக்காயோடு சிரித்தான். "தட்டுல இருக்கிற மீனைக் கேப்பியோன்னு பயந்துட்டேன். பேருதானே, எடுத்துக்க."

அவ்வளவுதான். ஒரு மனுஷன் தன்னைக் கொடுத்துவிட்ட பேச்சு, ஒரு வாய் சாப்பாடு மென்று விழுங்கும் நேரத்தில் முடிந்தது.

அதற்கப்புறம் தத்தீக்கோ ஒரு வாரம் இருவரையும் நாடகத்துக்குப் பழக்குவதுபோல் பழக்கினான். அண்ணன் காலையும் மாலையும் முகம் மழிக்க வேண்டும். இளையவன் மீசை விட வேண்டும். மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. பூனைக்கு முளைத்த மாதிரி நாலு முடி. "அண்ணேன்னு கூப்பிடு அவனை" என்று தத்தீக்கோ அதட்ட, அண்ணன் தன்னைவிட ஒரு சாண் குட்டையாக நின்ற தம்பியைப் பார்த்து "அண்ணே" என்பான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து சிரிப்பார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற இளையவனுக்குத் தன் பேர் ஒன்றுதான் எழுதத் தெரியும். இப்போது சர்க்கரைத் தாள்பையைக் கிழித்து வைத்துக்கொண்டு எவரிஸ்தோ என்று எழுதப் பழகினான். அவர்கள் மொழியில் அதன் முதல் எழுத்து லேசு. ஒரு நெடுங்கோடு, மூன்று குறுக்குக்கோடு. மாட்டுத்தொழுவ வேலிபோல இருக்கும்.

குடியிருப்பில் நாய்க்குக்கூட இது தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் பாதிப் பையன்கள் அப்படித்தான் கப்பல் ஏறினார்கள். வடக்கே போகிறவன் எல்லார் வீட்டுப் பிள்ளை. பின்னால் ஆலை மூடியது, குடியிருப்பு கலைந்தது, ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு திசைக்குப் போனது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். உண்மையும் அவர்களோடு போய்விட்டது.

எனேரியா மட்டும் ஒரு காரியம் செய்தாள். அந்த வாரத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நாக்கு தவறிவிடுமோ என்று பயம். இருவருக்கும் "மகனே"தான். தொலைபேசியிலும் மகனே, அடுப்படியிலும் மகனே. சாகும் வரைக்கும் அப்படித்தான்.

அண்ணன் போனான். இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நிற்கிற இடம் அவனுக்கு. அடித்த பந்து தரையோடு சீறி வரும். இவன் இடது பக்கம் சாய்ந்து, பந்து எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரிவதற்கு முன்னால் கையுறையைக் கொண்டுபோய் வைத்திருப்பான். எறிந்தான் என்றால் முதல் தளத்தில் நிற்பவன் கையுறை வெடி போட்ட மாதிரி சத்தம் கொடுக்கும். அதைப் பார்க்காதவனுக்கு எழுதிக் காட்ட முடியாது.

அடுத்த பிப்ரவரியில் வடக்கத்தி ஆள் ஒருவன் மூன்று பையன்களைப் பார்க்க மைதானத்துக்கு வந்தான். இளையவன் சும்மா ஓரத்தில் நின்று, வெளியே ஓடிய பந்துகளை எடுத்து எறிந்துகொண்டிருந்தான். நாலாவது பந்து எறிந்ததும் வந்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"யார் அந்தக் கை?"

தத்தீக்கோவுக்கு வாயெல்லாம் பல். "அவனா? நம்ம..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"வயசு?"

தத்தீக்கோ இளையவனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே "இருபத்திரண்டு" என்றான். வந்தவன் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் இளையவன் தத்தீக்கோவின் சட்டையைப் பிடித்தான். "எனக்குப் பதினெட்டுதானே! சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்றேன்டா. நீ பதினெட்டு வயசு லிசீனியோன்னு சொல்றேன். அப்ப அங்க விளையாடுறானே உங்கண்ணன், அவன் யாரு?"

இளையவன் சட்டையை விட்டான். மறுநாள் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தாறு வருஷம் சர்க்கரைப் பாகின் ஆவியில் நின்றான். அவனும் அண்ணனைப்போல வந்திருப்பானா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாலு பந்து எறிந்ததைப் பார்த்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

கொதிகலனுக்கு மேலே ஒரு ரேடியோ. குளிர்காலத்தில் ஊர்க் குழுவுக்கு ஆட அண்ணன் தவறாமல் வந்துவிடுவான். வடக்கத்திக் குழு 'போகாதே, காலில் அடிபடும்' என்று தடுத்தாலும் கேட்கமாட்டான். எண்பதாம் வருஷக் குளிர்காலத்தில் எல்லாரையும்விட நன்றாக மட்டை பிடித்ததற்கான மகுடத்தை வென்றான். பத்தொன்பது வயது, இந்த நாட்டில் அந்த வயதில் யாரும் வென்றதில்லை என்று ஊரே தெருவில் ஆடியது. உண்மையில் இருபத்துமூன்று. மைதானத்தில் ஐயாயிரம் பேர் "லிச்சி! லிச்சி!" என்று கத்துவது ரேடியோவில் வரும். அது முன்பெல்லாம் எனேரியா சோறு போட்டுவிட்டு இளையவனைக் கூப்பிட்ட பேர். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கொதிகலன் பக்கத்திலிருந்து அவன் தலை தானாகத் திரும்பும். பின்னால் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த, கதை தெரியாத பக்கத்து வேலைக்காரன் சோசிமோ, எவரிஸ்தோவை வாரோ என்று சுருக்கிக் கேலி செய்வான்: "என்னடா வாரோ, உன்னையா கூப்பிடுறாங்க? பாகைக் கிளறு!"

அண்ணனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் இடத்துக்குப் போனதும் ஆணிக் காலணியால் மண்ணில் ஓர் எழுத்தைக் கீறுவான். ஒரு நெடுங்கோடு, மூன்று குறுக்குக்கோடு. அது ஊரில் இருக்கும் எவரிஸ்தோ அண்ணனுக்காக என்று ரேடியோக்காரர்கள் உருகினார்கள். பாசம் என்றால் இதுதான் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். ஒருமுறை இளையவர் நேராகவே கேட்டார்.

"ஊரெல்லாம் எனக்காக எழுதுறேன்னு சொல்றாங்க. என்னத்துக்கு இந்தக் கூத்து?"

"உனக்காக எவன்டா எழுதுறான்? அது எம் பேரு. நாள் பூராவும் கேக்காத பேரை ஒருவாட்டியாவது மண்ணுல பார்த்துக்கிறேன். ஆட்டம் முடியறதுக்குள்ள மிதிச்சே அழிஞ்சிரும். யாருக்கு நஷ்டம்?"

அப்போதுதான் இளையவருக்குப் புரிந்தது, பேரைக் கொடுத்தவன் மட்டும் இழக்கவில்லை, வாங்கினவனும் இழந்திருக்கிறான் என்று. இருந்தாலும் அண்ணன் கலகலப்பான ஆள். "காகிதப்படி பார்த்தா சுனில்டா உம் பொண்டாட்டி, உம் பொண்டாட்டி எனக்கு. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். சுனில்டா அண்ணனின் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். நாலு பேர் முன்னால் இளையவரை "அண்ணே" என்பாள், தனியாக இருக்கும்போது "தம்பி" என்பாள்.

ஆட்டத்தை விட்ட பிறகு அண்ணன் ஊருக்கே வந்து தங்கினார். தெருவில் போனால் அயல்நாட்டிலிருந்து கரும்பு வெட்ட வந்த ஹைத்தியன்கூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்குவான். பிள்ளைகளுக்கு அவர் கையுறை வாங்கிக் கொடுக்காத தெரு இல்லை. ஒரு சாயங்காலம் டோமினோ ஆடிக்கொண்டிருந்தபோது கட்டையைப் போடாமல் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். நெஞ்சுவலி வந்து போயிருந்த சமயம்.

"டேய் தம்பி. கல்லுல எந்தப் பேரை வேணா வெட்டட்டும். ஜெபத்துல மட்டும் எம் பேரைச் சொல்லச் சொல்லு. ஒரே ஒருவாட்டி. சனம் பதில் சொல்லணும். இல்லேன்னா மேல போய் எந்த வரிசையில நிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

"சரி, கட்டையைப் போடு."

"வாக்குக் குடு."

"குடுத்தாச்சு. போடு கட்டையை."

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் ஏப்ரலில் அண்ணன் போய்விட்டார். அடக்கத்துக்கு ஊரே திரண்டது. மறுநாளிலிருந்து சுனில்டா வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, மடக்கு நாற்காலி போட்டு, தினமும் நாலு மணிக்கு ஜெபம். வெள்ளைத்துணி பீடத்தில் அண்ணன் படம், பழைய கையுறை, தண்ணீர்க் குவளை. ஜெபம் சொல்ல, மரியாதையாகத் 'தோன்யா' என்று ஊர் கூப்பிடும் ஒத்தீலியா. ஆலை மூடிய பிறகு வேறு ஊரிலிருந்து வந்தவள், பழைய கதை அறியாதவள். குரல் மட்டும் மாதாகோயில் மணி மாதிரி.

"லிசீனியோவின் ஆன்மாவுக்கு..."

"நித்திய இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே."

"லிசீனியோவின் பாவங்களை..."

"பொறுத்துக்கொள்ளும் ஆண்டவரே."

கடைசி வரிசையில் இளையவர் உட்கார்ந்திருந்தார். இருநூறு பேர் வாய் திறந்து அவர் பேருக்கு இளைப்பாற்றி கேட்டார்கள். முதல் நாள் உடம்பு கூசியது. மூன்றாம் நாள் தன்மேல் மண் அள்ளிப் போடுகிற மாதிரி இருந்தது. நாலாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது. அதைவிட, அண்ணன் எங்கேயோ வாசலில் நின்று தன் பேரைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல ஓர் எண்ணம். அதுதான் அவரைத் தின்றது.

ஐந்தாம் நாள் காலை ஒத்தீலியா வீட்டுக்குப் போனார். அவள் வாழைக்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"தோன்யா, ஜெபத்துல பேரு மாறிப்போச்சுன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தபால் மாதிரிதான். எழுதின வீட்டுக்குப் போகும்."

"அந்த வீட்டுக்காரன் உசுரோட இருந்தா?"

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கதவைச் சாத்திக்கச் சொல்லு. ஆமா, யாரு பேரு மாறிச்சு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிறவன் காலைல ஏழு மணிக்கு வரமாட்டான். போ, இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் குடி."

எட்டாம் நாள் நகரசபையிலிருந்து லெபிரோன் என்பவன் வந்தான். மைதான வாசலில் சிலை வைக்கப்போகிறார்கள். அடியில் பதிக்கும் வாசகத்தைக் குடும்பத்தார் சரிபார்க்க வேண்டுமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். பதினேழு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, பத்தொன்பது வயதில் மகுடம் சூடி, ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் அண்ணன் பேரின் முதல் எழுத்தை மண்ணில் எழுதிய பாசமுள்ள தம்பி.

"பிறந்த தேதி சரிதானே ஐயா?"

அது இளையவர் பிறந்த தேதி. "சரிதான்" என்றார். லிசீனியோ என்ற பேரில் அந்த வீட்டில் வேறு யாரும் பிறக்கவில்லையே.

அவன் போனதும் சுனில்டா அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, உங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என்னத்தையும் பேசிறாதீங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன் மதினி."

"தெரியும். எங்கிட்டயும் கேட்டாரு. ஆனா போன மாசம் அஞ்சு பசங்களை வடக்க இருந்து திருப்பி அனுப்பினாங்களே, வயசைக் குறைச்சுச் சொன்னாங்கன்னு? பேப்பர்ல கள்ளப் பேர்வழின்னு போட்டான். அவங்க உசுரோட இருக்காங்க, நாளைக்கு நல்ல பேர் எடுப்பாங்க. செத்தவர் எங்க போய் எடுப்பாரு? பத்தொன்பது வயசு போனா மகுடம் போகும். சிலை போகும். நாளைக்கு அதே தெருவுல அவரு படத்து மேல காறித் துப்புவாங்க."

"அப்ப அவரு ஆன்மா? ஒன்பது நாள் ஜெபமும் எம் பேருக்கில்ல வருது."

"கடவுளுக்கு அடையாள அட்டை வேணுமா தம்பி?"

"அண்ணனுக்கு வேணுமே."

அவள் அடுப்படித் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இளையவர் கிளம்பி வந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் முற்றம் கொள்ளவில்லை. தெருவரைக்கும் சனம். ரேடியோக்காரன் ஒருவன் ஒலிவாங்கியோடு நின்றான். முன்வரிசையில் லெபிரோன். கடைசி ஜெபம் முடிந்ததும், அந்தக் குடும்பத்தில் முன்னே இறந்தவர்களையும் நினைவுகூர்வது வழக்கம். வீட்டில் மூத்தவர் எழுந்து நின்று ஒவ்வொரு பேராகச் சொல்ல, சனம் பதில் சொல்லும். காகிதப்படி மூத்தவர் இளையவர்தான். ஒத்தீலியா கையைக் காட்டினாள்.

எழுந்து நின்றார். தகப்பன் பேரைச் சொன்னார். "இளைப்பாற்றி கொடும்" என்றது சனம். எனேரியா பேரைச் சொன்னார். சனம் பதில் சொன்னது. தன் மனைவி பேரைச் சொன்னார். பதில் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆலைச் சங்கு மாதிரி உரக்கச் சொன்னார்.

"எவரிஸ்தோ துவெர்ஜே."

தார்ப்பாய் படபடத்த சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு இளைப்பாற்றி கேட்டால் அவனுக்குச் சாவு வரும். அந்தப் பாவத்தை யார் செய்வார்?

சோசிமோ கிழவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய் வாரோ, என்னடா அவசரம்? உம் முறையும் வரும், வரிசையில நில்லு!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பு இல்லை. துக்கத்தில் எவரிஸ்தோ தடுமாறித் தன் பேரையே சொல்லிவிட்டார் என்று இரங்குகிற சிரிப்பு. ஒத்தீலியா சிரிக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மணிமாலையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"யாருக்கு? பேரைச் சரியாச் சொல்லு. நீ சொன்னா நான் வாங்கிச் சொல்றேன்."

ஒரு சொல் போதும். அவள் வாங்கிச் சொன்னால் சனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இளையவர் சுனில்டாவைப் பார்த்தார். அவள் பீடத்துப் பக்கத்தில் கறுப்புத் துணியில் நின்றிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தம்பி, என்றாள். ரேடியோக்காரனின் ஒலிவாங்கி இவர் பக்கம் நீண்டது. படத்தில் அண்ணன் பத்தொன்பது வயதென்று ஊர் நம்பிய முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாக்கு பிசகிருச்சு தோன்யா," என்றார். "லிசீனியோ. லிசீனியோ துவெர்ஜே."

"நித்திய இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே!" என்று தெருக்கோடி வரைக்கும் பதில் எழும்பியது. ஒன்பது நாளில் இவ்வளவு பெரிய சத்தம் அன்றுதான்.

பீடத்தைக் கலைத்தார்கள். மெழுகுவர்த்தியை அணைத்தார்கள். குவளைத் தண்ணீரை வாசலில் கொட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த ஆன்மாவுக்கு ஜெபம் கிடையாது, வழக்கம் அப்படி. ஒத்தீலியா போகும்போது இளையவர் அருகே ஒரு கணம் நின்றாள். "பதில் வராத பேரு வாசல்லயே நிக்கும்ப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தாள். திட்டிச் சொன்னாளா, வருத்தப்பட்டுச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் சிலை திறந்தார்கள். நல்ல சிலை, குறை சொல்ல முடியாது. கால் பக்கத்தில் வெண்கலத் தரையில் அந்த எழுத்தையும் கீறி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆட்டத்துக்குப் போகும் முன் அதைத் தொட்டுக்கொள்கிறார்கள்.

இளையவர் திங்கட்கிழமைதோறும் கல்லறைக்குப் போகிறார். கல்லில் அவர் பேர், அவர் பிறந்த தேதி, அதன் கீழே செத்த தேதி. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு செருப்புக் குதிகாலால் கல்லறை ஓரத்து மண்ணில் ஒரு நெடுங்கோடும் மூன்று குறுக்குக்கோடும் கீறுவார். "எவரிஸ்தோ துவெர்ஜே" என்று மெல்லக் கூப்பிடுவார். சுற்றும்முற்றும் பார்ப்பார். பதிலையும் தானே சொல்லிக்கொள்வார், வேறு குரலில், நாலு பேர் சேர்ந்து சொன்ன மாதிரி இருக்கட்டும் என்று.

கல்லறை கூட்டுகிறவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பாவம் கிழவன், தன் பேரையே எழுதிப் பார்த்துக்கொள்கிறான் என்று நினைப்பாள். அவர் வாசல் தாண்டிப் போனதும் விளக்குமாற்றால் அதைக் கூட்டித் தள்ளிவிடுவாள்.